பாதி மேடை, பாதி ஸ்டூடியோ: சோடா ஸ்டீரியோவின் 1996 ஆல்பம்

எம்டிவியின் ‘அன்பிளக்டு’ நிகழ்ச்சிக்கு அடிப்படை விதி ஒன்றுதான்: மின்கருவிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மரக் கிதார், பியானோ, குரல் என்று எளிமையாக உட்கார்ந்து பாட வேண்டும். அர்ஜென்டினாவின் மூவர் ராக் குழுவான சோடா ஸ்டீரியோவுக்கு அந்த விதி பிடிக்கவில்லை. நீண்ட காலம் தயங்கிய பிறகே ஒப்புக்கொண்டார்கள். அப்போதும் மின்சாரத்தை அடியோடு கைவிட மாட்டோம் என்ற நிபந்தனையோடுதான் வந்தார்கள். 1996 மார்ச் 12 அன்று மயாமியில் நடந்த அந்த ஒளிப்பதிவில் மின்கிதாரும் இருந்தது, வயலின்களும் செலோக்களும் இருந்தன. அந்த மாலையில் பாடிய ஏழு பாடல்களையும், அதற்கு முன்பே ஸ்டூடியோவில் பதிவு செய்து வெளியிடாமல் வைத்திருந்த நான்கு பாடல்களையும் சேர்த்து அதே ஆண்டில் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். ‘கம்ஃபர்ட் இ மூசிகா பாரா வொலார்’ என்பது அதன் பெயர். சுகமும் பறப்பதற்கான இசையும் என்று பொருள்.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் முதல் ஏழு பாடல்களைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். பின்னால் வரும் நான்கையும் இடத்தை நிரப்பச் சேர்த்த மிச்சம் மீதியாகவே பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மேடைப் பாதி, பதினான்கு ஆண்டுகளாக மூவரும் சேர்ந்து கட்டியதைப் பிரித்துப் பார்க்கிறது. ஸ்டூடியோப் பாதி, அந்த மூவரில் ஒருவர் எந்தப் பக்கம் போகப் போகிறார் என்பதைக் காட்டுகிறது. அடுத்த ஆண்டே குழு கலைந்தது. ஒரு ராக் குழு தன் கடந்த காலத்தையும் எதிர்காலத்தையும் ஒரே தட்டில் வைத்துவிட்டுப் பிரிந்தது என்றால், அந்தத் தட்டை முழுதாகக் கேட்பதுதான் முறை.

மேடையையும் ஸ்டூடியோவையும் ஒரே வெளியீட்டில் இணைக்கும் வழக்கம் 1960களின் கடைசியில் வேரூன்றியது. அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இசை கொள்ளும். ஆகவே இரண்டையும் விரிவாகத் தர விரும்பியவர்களுக்கு இரட்டைத் தட்டு தேவைப்பட்டது. 1968இல் கிரீம் என்ற ஆங்கிலக் குழு ஒரு தட்டில் ஸ்டூடியோப் பாடல்களையும், மற்றொன்றில் சான் பிரான்சிஸ்கோ மேடைப் பதிவுகளையும் வைத்து ‘வீல்ஸ் ஆஃப் ஃபயர்’ என்று வெளியிட்டது. அடுத்த ஆண்டு பிங்க் ஃபிளாய்டின் ‘உம்மகும்மா’வும் அதே வடிவத்தில் வந்தது. குழுவாகச் சேர்ந்து மேடையில் செய்வதை ஒரு தட்டு காட்டியது. ஒவ்வொருவரும் தனித்தனியே இயற்றியதை மற்றது காட்டியது. ஒரு குழுவுக்குள் கூட்டாக இருப்பதும் தனியாக இருப்பதும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை இந்த வடிவம் போல வேறெதுவும் வெளிப்படுத்துவதில்லை. குறுந்தகடு வந்த பிறகு 74 நிமிடம் வரை ஒரே தட்டில் அடக்க முடிந்ததால் இரண்டாவது தட்டுக்கு அவசியம் இல்லாமல் போனது. சோடா ஸ்டீரியோவின் 1996 ஆல்பம் ஒரே குறுந்தகடுதான். ஆனால் அதன் உள்ளமைப்பு அந்தப் பழைய இரட்டைத் தட்டின் வாரிசு.

பிரித்துப் பார்த்த அந்தக் கட்டடம் எப்படி எழுந்தது என்று தெரியாமல் பிரித்ததன் அருமை விளங்காது. எனவே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1982இல் புவெனோஸ் அயர்ஸில் குழு உருவானது. பாடகரும் கிதார் கலைஞருமான குஸ்தாவோ செராத்தியும், பேஸ் கிதார் வாசித்த ஸெட்டா போசியோவும் கல்லூரியில் விளம்பரத்துறை படித்தபோது நண்பர்களானவர்கள். டிரம்ஸ் வாசித்த சார்லி ஆல்பெர்த்தி, தித்தோ ஆல்பெர்த்தி என்ற பெயர்பெற்ற ஜாஸ் டிரம்ஸ் கலைஞரின் மகன். நாடு அப்போது ராணுவ ஆட்சியில் இருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுகளுக்காகப் பிரிட்டனுடன் போர் மூண்டதும், வானொலியில் ஆங்கிலப் பாடல்களை ஒலிபரப்பக் கூடாது என்று ஆட்சியாளர்கள் தடை விதித்தார்கள். நிலையங்கள் நேரத்தை நிரப்ப உள்நாட்டு ராக்கைத் தேடி எடுத்தன. அதுவரை சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட இசைக்கு, அதை வெறுத்த ஆட்சியே வாசலைத் திறந்துவிட்டது. 1983 டிசம்பரில் ரவுல் அல்ஃபோன்சின் பதவியேற்று மக்களாட்சி திரும்பியபோது, இரவில் வெளியே சுற்றவும் நடனமாடவும் ஏங்கிக் கிடந்த ஒரு தலைமுறை தயாராக இருந்தது. 1984இல் வந்த சோடா ஸ்டீரியோவின் முதல் ஆல்பம் அந்தத் தலைமுறைக்கானது. துள்ளலான, விறைப்பான, வேகமான பாடல்கள் அவை. உடையும் கலைத்த தலைமுடியும் என்று தோற்றத்திலும் கவனம் செலுத்தினார்கள். விளம்பரம் படித்தவர்கள் அல்லவா. ஒரு குழு எப்படிக் காட்சியளிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் செய்த பெரிய காரியம் எல்லை தாண்டியது. ஸ்பானிய மொழியில் ராக் பாடிய குழுக்கள் அதற்கு முன்பும் நிறைய இருந்தன. ஆனால் பெரும்பாலும் அர்ஜென்டினாவின் குழு அர்ஜென்டினாவுக்கும், மெக்சிகோவின் குழு மெக்சிகோவுக்கும் சொந்தமாகவே இருந்துவிட்டன. சோடா ஸ்டீரியோ சிலி, பெரு, கொலம்பியா, மெக்சிகோ என்று நாடு நாடாகப் பயணம் செய்தது. 1987 பிப்ரவரியில் சிலியின் வின்யா தெல் மார் விழாவில் பாடியபோது அங்கே சர்வாதிகாரி பினோசேயின் ராணுவ ஆட்சி இன்னும் முடியவில்லை. அந்தப் பயணங்களில் பதிவான பாடல்களைத் தொகுத்து அதே ஆண்டில் ‘ரூயிதோ பிளாங்கோ’ என்ற மேடை ஆல்பம் வந்தது. ரசிகர்களின் கூச்சல் அதில் ஒரு வாத்தியம் போலவே ஒலிக்கிறது. 1996இன் மேடைப் பதிவோடு அதை ஒப்பிட்டுக் கேட்பது நல்லது. முதலாவதில் குழு கூட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பாடுகிறது. இரண்டாவதில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழுவைக் கேட்கிறது.

1988இல் ‘தோப்லெ வீதா’ ஆல்பத்தை நியூயார்க்கில் பதிவு செய்தார்கள். டேவிட் போவியின் கிதார் கலைஞர் கார்லோஸ் அலோமார் தயாரித்தார். 1990இல் மயாமியின் க்ரைடீரியா ஸ்டூடியோவில் பதிவான ‘கான்சியோன் அனிமல்’ அவர்களை உச்சிக்குக் கொண்டுபோனது. 1991 டிசம்பர் 14 அன்று புவெனோஸ் அயர்ஸின் 9 தெ ஹூலியோ நெடுஞ்சாலையில் நடந்த இலவசக் கச்சேரிக்குச் சுமார் 2.5 லட்சம் பேர் வந்ததாக மதிப்பிட்டார்கள். வேறு எந்தக் குழுவும் அந்த இடத்தில் நின்று அதே சூத்திரத்தை இன்னும் இரண்டு ஆல்பங்களுக்கு நீட்டித்திருக்கும்.

இவர்கள் 1992இல் ‘டைனமோ’வைப் போட்டார்கள். சொற்களைக் கிதார் இரைச்சலுக்குள் புதைத்துவிடும் ஆல்பம் அது. பிரிட்டனில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த இரைச்சல் ராக்கின் தாக்கம் அதில் வெளிப்படையாகத் தெரியும். ஒரு பாடலில் இந்திய வாத்தியங்கள்கூட ஒலிக்கின்றன. ரசிகர்களில் பலர் திகைத்தார்கள். குழு ஒலிப்பதிவு நிறுவனம் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. விட்டுப்போகும் குழுவுக்கு விளம்பரம் செய்யப் பழைய நிறுவனத்துக்கு அக்கறை இருக்கவில்லை. ஆல்பம் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. இன்று அதை அவர்களின் மிகத் துணிச்சலான படைப்பாகக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பாராட்டு தாமதமாக வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதன் பிறகு மூவரும் விலகி இருந்தார்கள். செராத்தி சிலியின் சாந்தியாகோவில் குடியேறி, 1993இல் ‘அமோர் அமரில்யோ’ என்ற தனி ஆல்பத்தை வெளியிட்டார். 1994இல் போசியோவின் குடும்பத்தில் ஒரு பெருந்துயரம் நேர்ந்தது. மீண்டும் ஒன்றுகூடி அவர்கள் செய்த ‘சுவேன்யோ ஸ்டீரியோ’ 1995 ஜூனில் வந்தது. முந்தைய இரைச்சல் அடங்கி, வயலின்களும் மின்னணு ஒலிகளும் கலந்து, கடைசிப் பகுதியில் பாடல்கள் ஒன்றோடொன்று கரைந்து ஓடும் ஆல்பம். 1996இன் இரண்டு பாதிகளுமே இதிலிருந்துதான் கிளைத்தவை. மேடையில் ஏறிய நரம்பு வாத்தியக் குழு இதன் ஒலியிலிருந்து வந்தது. நான்கு புதிய பாடல்களும் இதன் பதிவு நாட்களில் உருவாகி ஒதுக்கி வைக்கப்பட்டவை.

இனி எம்டிவி பக்கம் வரலாம். அந்த நிறுவனத்தின் லத்தீன் அமெரிக்க அலைவரிசை 1993 அக்டோபர் 1 அன்று மயாமியிலிருந்து தொடங்கியது. முதலில் ஒளிபரப்பிய பாடல் சிலியின் லோஸ் ப்ரிசியோனேரோஸ் குழுவினுடையது. வட அமெரிக்காவில் ‘அன்பிளக்டு’ அதற்குள் பெரிய வணிகமாகிவிட்டிருந்தது. எரிக் கிளாப்டனின் 1992 ஆல்பமும், நிர்வாணாவின் 1993 ஒளிப்பதிவும் அதற்குத் தனி மரியாதையைத் தேடித் தந்தன. ஸ்பானிய மொழிப் பதிப்பில் லோஸ் ஃபாபுலோசோஸ் காதில்லாக்ஸ், சார்லி கார்சியா, லோஸ் த்ரேஸ், கஃபே தக்யூபா என்று வரிசையாகப் பாடினார்கள். ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே வளர்ந்த இசையை ஒரே திரையில், ஒரே மாதிரியான அரங்கில் பார்க்க முடிந்தது இந்தத் தொடரால்தான். பொகோத்தாவில் இருப்பவர் சாந்தியாகோவின் குழுவையும், சாந்தியாகோவில் இருப்பவர் மெக்சிகோ நகரத்தின் குழுவையும் தெரிந்துகொண்டார்கள். சோடா ஸ்டீரியோ பஸ்ஸிலும் விமானத்திலும் அலைந்து செய்த வேலையை இப்போது தொலைக்காட்சி செய்யத் தொடங்கியிருந்தது.

அப்படியானால் தயக்கம் எதற்கு? காரணம் அவர்களின் இசையிலேயே இருக்கிறது. செராத்தியின் கிதார் வெறும் தாளமோ தனி வாசிப்போ அல்ல. எதிரொலியும் அதிர்வும் சேர்க்கும் பெடல்கள் வழியாக ஒரு சூழலையே எழுப்புவது அவர் பாணி. ஒரு சுரத்தொடரை மீட்டினால் அது இரண்டாகவும் நான்காகவும் பெருகி, மூன்று பேர் மட்டுமே உள்ள குழுவை ஆறு பேர் வாசிப்பது போல நிறைக்கும். அந்தப் பெடல்களைப் பிடுங்கிவிட்டு ஒரு மரக் கிதாரைக் கையில் கொடுத்தால், இசையின் சதை போய் எலும்பு மட்டும் மிஞ்சும். எலும்பும் அழகுதான் என்று நம்பும் பாடகர்கள் உண்டு. நாட்டுப்புறப் பாணியில் எழுதுபவர்களுக்கு அது பொருந்தும். சோடா ஸ்டீரியோவுக்குப் பொருந்தாது என்று அவர்கள் சரியாகவே கணித்தார்கள். ஆகவே ஒலியைக் குறைப்பதற்குப் பதிலாக மாற்றினார்கள். பெடல்கள் செய்த வேலையை வயலின், வியோலா, செலோக்களிடம் ஒப்படைத்தார்கள். மின்னெதிரொலி நீட்டிய இடத்தை வில் நீட்டியது. பல ஆண்டுகள் அவர்களோடு பயணித்த ட்வீட்டி கோன்சாலெஸ் கீபோர்டில் அமர்ந்தார்.

இந்த மாற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ‘என் லா சியுதாத் தெ லா ஃபூரியா’ தான் முதல் சாட்சி. சீற்றத்தின் நகரில் என்று பெயர். நகரம் புவெனோஸ் அயர்ஸ். அதன் மேல் பறக்கும் சிறகுள்ள மனிதன் ஒருவன்தான் பாடுகிறான். பகல் வெளிச்சத்தில் அவன் சிறகுகள் உருகிவிடும். 1988இன் மூலப் பதிவில் டிரம்ஸ் விறைப்பாக முன்னே தள்ளிக்கொண்டு போகும். கேட்பவருக்கு அந்த மனிதன் தப்பித்துப் பறப்பது போலத் தோன்றும். மயாமி மேடையில் அதே பாடலின் வேகம் கணிசமாகக் குறைந்துவிட்டது. ஆல்பெர்த்தியின் தாளம் தளர்ந்து, பின்தங்கி, ஒரு தூக்கக் கலக்கத்தோடு அசைகிறது. போசியோவின் பேஸ் பாடலின் தரையாக விரிகிறது. அதன் மேல் நரம்பு வாத்தியங்கள் மெல்ல ஏறி இறங்குகின்றன. வேகத்தை எடுத்துவிட்டதும் பறப்பவனின் களைப்பு தெரிய வருகிறது. அவன் தப்பிக்கவில்லை, எங்கே இறங்குவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

பிறகு ஆந்த்ரேயா எச்செவெர்ரியின் குரல் நுழைகிறது. கொலம்பியாவின் அதெர்சியோபெலாதோஸ் குழுவின் பாடகி அவர். அந்தக் குழுவின் ‘எல் தொராதோ’ ஆல்பம் முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. செராத்தியின் குரல் வழவழப்பானது, கட்டுப்பாடானது. எச்செவெர்ரியின் குரலில் ஒரு கரகரப்பும், பொலேரோ என்ற பழைய லத்தீன் அமெரிக்கக் காதல் பாடல்களின் இழுவையும் உண்டு. மூலப் பதிவில் தனிமையின் பாடலாக இருந்தது இங்கே இரண்டு பேரின் உரையாடலாக மாறிவிடுகிறது. அது மட்டுமல்ல. தென்கோடி நகரம் ஒன்றைப் பற்றிய பாடலைக் கண்டத்தின் வடமுனையில் பிறந்த ஒரு பெண் பாடும்போது, அந்த நகரம் யாருக்கும் சொந்தமான நகரமாகிவிடுகிறது. பல ரசிகர்களுக்கு இன்று இந்த வடிவம்தான் அந்தப் பாடல். மூலத்தைக் கேட்டால் அவசரமாகப் பாடுவதாகத் தோன்றுகிறது என்பார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் மயாமியை எடுப்பேன்.

முதல் ஆல்பத்திலிருந்து ‘உன் மிஸில் என் மி பிளாகார்’ பாடலையும் எடுத்து வந்தார்கள். என் அலமாரியில் ஓர் ஏவுகணை என்ற அந்த விளையாட்டுத்தனமான பாடல், 1984இல் நடனத் தளத்துக்காக எழுதியது. இருபதுகளில் இருந்தவர்கள் எழுதியதை முப்பதுகளின் நடுவில் இருப்பவர்கள் பாடும்போது, வரிகள் மாறாமலேயே பாடல் வயதேறி விடுகிறது. ‘குவாந்தோ பாசெ எல் தெம்ப்ளோர்’ இன்னொரு கதை. ஆந்தெஸ் மலைப்பகுதியின் தாளத்தை ராக்குக்குள் கொண்டுவந்த 1985ஆம் ஆண்டுப் பாடல் அது. அதன் காணொளியை ஹுஹுய் மாநிலத்தின் தில்காராவில் உள்ள பழங்குடிக் கோட்டை இடிபாடுகளில் எடுத்தார்கள். அன்று மாலை அதையும் பாடினார்கள். ‘சுவேன்யோ ஸ்டீரியோ’விலிருந்து எடுத்த பாடல்கள் மட்டும் அதிகம் மாறவில்லை. அவை ஏற்கெனவே இந்த ஒலியில்தான் பிறந்தவை.

‘தெ பாரா த்ரேஸ்’ என்ற பாடலில் கொஞ்சம் தங்க வேண்டும். மூவருக்கான தேநீர். தந்தைக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்தபோது, அவரும் தாயும் மகனும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒரு கணத்திலிருந்து செராத்தி இதை எழுதினார். நோயின் பெயர் பாடலில் வராது, மரணம் என்ற சொல்லும் வராது. மேசை, தேநீர், அவருக்காக வரும் கண்ணீர், அவ்வளவுதான். 1990இல் பாடல் வந்தது. 1992இன் தொடக்கத்தில் தந்தை காலமானார். மயாமியில் பாடும்போது அது நான்கு ஆண்டுக்கு முந்தைய இழப்பின் பாடல். மூலப் பதிவே அடக்கமானது என்பதால் இதில் பெரிதாக மாற்ற ஒன்றுமில்லை. செராத்தி மாற்றியது முடிவை மட்டும்.

பாடல் முடியும் இடத்தில் கிதார் ஓயாமல் வேறொரு மெட்டுக்குள் நழுவுகிறது. அர்ஜென்டின ராக்கின் முன்னோடி லூயிஸ் ஆல்பெர்த்தோ ஸ்பினெத்தாவின் ‘செமென்தேரியோ கிளப்’ பாடலின் கிதார் வரி அது. 1973இல் பெஸ்காதோ ரபியோசோ என்ற அவரது குழுவின் பெயரில் வந்த ‘ஆர்த்தோ’ ஆல்பத்தில் உள்ள பாடல். அர்ஜென்டின ராக்கின் உச்சம் எது என்று கேட்டால் பலரும் கைகாட்டும் ஆல்பம் அதுதான். அங்கே கூடியிருந்தவர்களில் விஷயம் தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். தன்னைப் பெற்ற தந்தைக்கான பாடலை, தன் இசைக்குத் தந்தையானவரின் மெட்டில் கொண்டுபோய் முடிக்கிறார். எந்த அறிவிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. 1980களில் சோடா ஸ்டீரியோவைப் பிடிக்காதவர்கள், இவர்கள் உடையும் சிகையலங்காரமும் மட்டும்தான், அர்ஜென்டின ராக்கின் ஆழமான மரபுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவந்தார்கள். அந்தக் குற்றச்சாட்டுக்கு இதைவிட நேர்த்தியான பதில் கிடையாது. 1993இன் தனி ஆல்பத்திலும் செராத்தி ‘ஆர்த்தோ’விலிருந்து ஒரு பாடலை எடுத்துப் பாடியிருக்கிறார், இந்தப் பற்று ஒரு மாலைக்கானது அல்ல.

அதே மாலையில் ‘ஹெனெசிஸ்’ பாடலையும் பாடினார்கள். வாக்ஸ் தேய் என்ற குழு விவிலியத்தை அடிப்படையாகக் கொண்டு 1971இல் வெளியிட்ட இரட்டை ஆல்பத்தின் தொடக்கப் பாடல். புதிய அலைவரிசையின் இளம் பார்வையாளர்களுக்காக நடந்த நிகழ்ச்சியில், தங்களுக்கு முன்னால் இதே மொழியில் பெரிய கனவு கண்டவர்களை அழைத்து வந்து உட்கார வைத்த செயல் அது.

இப்போது மறுபாதி. ‘சோனோமான்’, ‘பிளானேயோ’, ‘கோரல்’, ‘சூப்பர்ஸ்டார்’ என்ற நான்கு பாடல்கள். கைதட்டல் ஓய்ந்து இவை தொடங்கும்போது காற்றே மாறிவிடுகிறது. அரங்கின் சுவாசம் இல்லை, மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கும் சிறு தயக்கங்கள் இல்லை. அடுக்கடுக்காகப் பதிந்த ஒலிகள், திரும்பத் திரும்பச் சுழலும் தாளம், ஆவி போல மிதக்கும் குரல். மெட்டைவிடச் சூழலை நம்பும் பாடல்கள் இவை. ‘சோனோமான்’ என்ற பெயர் அர்ஜென்டினச் சிறுவர் பத்திரிகை ஒன்றில் 1960களில் ஓஸ்வால் வரைந்த சித்திரக்கதை நாயகனை நினைவூட்டுகிறது. இசையும் மனமும் சேர்ந்த ஆற்றலால் போராடுபவன் அந்த நாயகன். சிறு வயதில் படக்கதைகளில் ஊறிய செராத்தி, ஸ்டூடியோவில் தனியே இயந்திரங்களோடு உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு அந்தப் பெயரைத் தேர்ந்தது இயல்புதான்.

பாடல்களாக மட்டும் எடைபோட்டால் இவை நான்கும் முதல் ஏழின் பக்கத்தில் நிற்காது. அதை மறைக்க வேண்டியதில்லை. ‘சுவேன்யோ ஸ்டீரியோ’விலிருந்து இவை ஒதுக்கப்பட்டதற்கும் காரணம் இருந்திருக்கும். ஆனால் இவற்றின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. 1990களின் நடுவில் செராத்தி சிலி நண்பர்களோடு ‘பிளான் வி’ என்ற மின்னணு இசைக் குழுவைத் தொடங்கியிருந்தார். 1999இல் அவர் வெளியிட்ட ‘பொகானாதா’ ஆல்பம், பழைய தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்த ஒலிகளை மாதிரிக் கருவியில் கோத்துக் கட்டியது. அந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் திரும்பி வந்து இந்த நான்கு பாடல்களைக் கேட்டால், விதை எங்கே விழுந்தது என்று உடனே கண்டுகொள்வார்கள். இப்படிப்பட்ட இசைக்கு மூன்று பேர் ஓர் அறையில் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டிய தேவை குறைந்துகொண்டே போகிறது. ஒருவரும் ஒரு கருவியும் போதும். குழுவுக்குள் இருந்த விரிசலை இசையின் செய்முறையிலேயே கேட்க முடிகிறது.

அதனால்தான் இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேடைப் பாதியில் மூவரும் மற்ற வாத்தியக் கலைஞர்களோடு சேர்ந்து, ஒருவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர் தொடங்கி, பழைய பாடல்களுக்குப் புது உடல் கொடுக்கிறார்கள். ஸ்டூடியோப் பாதியில் அந்தக் கூட்டு முயற்சியின் வெப்பம் தணிந்து, ஒருவரின் கற்பனை மட்டும் முன்னே போகிறது. 2007இல் மயாமி நிகழ்ச்சியை விரிவாக்கி மறுபடி வெளியிட்டபோது, அது முழுக்க ஒரு கச்சேரியின் ஆவணமாகவே ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்தது. விடுபட்ட பாடல்கள் கிடைத்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆயினும் 1996இல் அவர்களே தேர்ந்து அடுக்கிய அந்தப் பதினொரு பாடல் வடிவத்துக்கு என்று ஒரு வாதம் இருந்தது. விரிவான பதிப்பு அந்த வாதத்தை மங்கச் செய்துவிட்டது.

பிரிவு விரைவில் வந்தது. 1997 மே மாதம் குழு கலைவதாக அறிவித்தார்கள். செராத்தி எழுதிய விடைபெறும் கடிதம் புவெனோஸ் அயர்ஸின் கிளாரின் நாளிதழில் வெளியானது. மெக்சிகோ, வெனிசுலா, சிலி என்று விடைபெற்றுவிட்டு, செப்டம்பர் 20 அன்று ரிவர் பிளேட் மைதானத்தில் கடைசிக் கச்சேரி நடத்தினார்கள். ‘தெ மூசிகா லிஹேரா’ பாடலை முடிக்கும்போது செராத்தி சொன்ன ‘கிராசியாஸ் தொத்தாலெஸ்’ என்ற நன்றி, ஸ்பானிய மொழி பேசும் உலகில் இன்றும் புழங்கும் தொடராகிவிட்டது. அந்தக் கச்சேரியும் இரண்டு தட்டுகளாக வந்தது. அதில் பாடல்கள் மைதானத்துக்குரிய பருமனில், மின்சாரத்தின் முழு வலுவோடு ஒலிக்கின்றன. மயாமியில் கழற்றிப் பார்த்ததை மீண்டும் பூட்டி, கடைசியாக ஒருமுறை ஓட்டிக் காட்டினார்கள். 2007இல் ‘மெ வெராஸ் வொல்வெர்’ (நான் திரும்பி வருவதைப் பார்ப்பாய்) என்ற இசைப் பயணத்துக்காக மீண்டும் சேர்ந்தார்கள். அந்தப் பெயரே சிறகு மனிதனின் பாடலிலிருந்து எடுத்த வரிதான்.

2009 டிசம்பர் 4 அன்று புவெனோஸ் அயர்ஸின் வெலெஸ் மைதானத்தில் ஸ்பினெத்தா தன் வாழ்நாள் முழுக்கக் கூட்டாளிகளாக இருந்த குழுக்களையெல்லாம் அழைத்து ஒரு மாபெரும் கச்சேரி நடத்தினார். விருந்தினராக வந்த செராத்தியும் அவரும் சேர்ந்து பாடிய பாடல்களில் ஒன்று ‘தெ பாரா த்ரேஸ்’. மயாமியில் மகன் தந்தையின் மெட்டைக் கடன் வாங்கினான் என்றால், இங்கே தந்தை மகனின் பாடலையே எடுத்துப் பாடினார். அடுத்த மே மாதம் கராகஸில் கச்சேரி முடிந்ததும் செராத்திக்குப் பக்கவாதம் வந்தது. நினைவு திரும்பாமலே 2014 செப்டம்பர் 4 அன்று காலமானார். ஸ்பினெத்தா 2012 பிப்ரவரியிலேயே மறைந்திருந்தார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் ‘தோப்லெ வீதா’வில் உள்ள ‘என் லா சியுதாத் தெ லா ஃபூரியா’வை முதலில் கேட்டுவிட்டு மயாமி வடிவத்துக்கு வரலாம். ‘தெ பாரா த்ரேஸ்’ பாடலுக்கு முன்னால் ‘ஆர்த்தோ’வின் ‘செமென்தேரியோ கிளப்’பை ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கடைசி நொடிகள் வெறும் அழகான வாசிப்பாகக் கடந்துபோகும். ஏழாவது பாடலோடு நிறுத்திவிடாதீர்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகு வரும் நான்கையும் தலையணி ஒலிபெருக்கியில், சத்தத்தைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேளுங்கள். அவை மேடைக்காகச் செய்தவை அல்ல. காதுக்கு மிக அருகில் வைத்தால்தான் அடுக்குகள் பிரிந்து கேட்கும்.